துடக்கோடு நடத்திய சாப்பாட்டு டூர்

இந்தியாவில் நான் இருந்தது மொத்தம் ஏழு மாதம். அதுவும் சென்னையில் ஒரு லொட்ஜில், கனடாவுக்கு அனுப்பிவைக்கிறேன் என்று சொன்ன ஏஜென்சிக்காரனின் போனுக்காகக் காத்துக்கொண்டு. அந்த ஏழு மாதமும் கீழே இருந்த மெஸ்ஸில் சாம்பார் சோறும் அப்பளமும்தான். இப்படிப்பட்ட நான்தான் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்துக் கொமியூனிட்டி சென்ரர் ஒன்றில், சனிக்கிழமைக் காலைகளில் 'இந்தியாவின் பிராந்தியச் சமையல்' என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழமை செட்டிநாடு, அடுத்த கிழமை மலபார், பிறகு ஆந்திரா, வங்காளம், உடுப்பி, கடைசியில் காஷ்மீர். காஷ்மீரை நான் கலண்டர் படத்தில் பார்த்ததோடு சரி.

பொய் சொல்லிப் பிழைத்தவன் என்று நினைத்துவிட வேண்டாம். ரொறன்ரோவில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளின் குசினிக்குள் எட்டிப் பார்த்தால் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தார்தான். நான் பதினாலு வருடம் அங்கே நின்றவன். காரைக்குடிப் பக்கத்து மாஸ்டர் ஒருவரிடம் கோழி வறுவல் படித்தேன். கோழிக்கோட்டுக்காரர் ஒருவரிடம் மீன் கறி. காரைக்குடி மாஸ்டரின் வாயில் வராத கெட்ட வார்த்தை கிடையாது, ஆனால் கைப்பக்குவத்தைச் சும்மா சொல்லக்கூடாது. பிறகு என் முழங்கால் தகராறு பண்ணத் தொடங்கியது. நாள் முழுக்க நின்று சமைக்கிற வேலையை விட்டுவிட்டு, கதைத்துக்கொண்டு சமைக்கிற வேலைக்கு மாறினேன். யாழ்ப்பாணச் சமையலுக்கும் ஒரு கிழமை ஒதுக்கலாமே என்று சென்ரரில் ஒருமுறை கேட்டேன். பொறுப்பாக இருந்த பெண் சுவரில் இருந்த உலகப் படத்தைப் பார்த்துவிட்டு, "அது வேறு நாடல்லவா?" என்றாள்.

வெயில் காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் டூரும் நடத்துவேன். எட்டுப் பேரை ஒரு வானில் ஏற்றிக்கொண்டு தோசைக் கடை, பலசரக்குக் கடை, இனிப்புக் கடை என்று பிளாசா பிளாசாவாகப் போய், கடைசியில் ஒரு கோயிலில் மத்தியான அன்னதானத்தோடு முடிப்பேன். வருகிறவர்கள் பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். நல்ல சனம். மிளகாய் போடாமல் ஏதாவது உண்டா என்று முதல் கடையிலேயே கேட்கிற ஒருவர் ஒவ்வொரு டூரிலும் கட்டாயம் இருப்பார். அப்படியென்றால் ஏன் ஐயா வந்தீர் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். விழுங்கிக்கொண்டு தயிர்ச்சோறு வாங்கிக் கொடுப்பேன்.

நான் சொல்ல வந்தது ஊரில் சண்டை முடிந்த வருடத்தின் முதல் டூரைப் பற்றி.

அப்போது அம்மாவும் நானும் ஒரு கட்டடத்தில் பதினோராம் மாடியில் இருந்தோம். எனக்குக் கலியாணம் நடந்தது, நிலைக்கவில்லை, அதை விடுவோம். தம்பி வன்னியில் இருந்தான், மனைவியோடும் ஒரு பெண் குழந்தையோடும். தை மாதம் கடைசியாகக் கதைத்தான். "நாங்கள் சுகமா இருக்கிறம் எண்டு அம்மாட்டைச் சொல்லு, இடம் மாறப்போறம்," என்றான். அதன் பிறகு போன் இல்லை. மாசி, பங்குனி, சித்திரை என்று மாதங்கள் போயின. கட்டடத்தின் லிஃப்டுக்குள் சனம் ஒருவரின் முகத்தை ஒருவர் பார்க்காமல் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாருக்கு என்ன செய்தி வந்திருக்கிறதோ என்ற பயம். டவுண்டவுனில் எங்கள் ஆட்கள் கொடியோடு ரோட்டில் இறங்கி நின்றார்கள். நானும் போய் நின்றேன். ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு அரை மணித்தியாலம் பிந்தி வந்த ஒருவர், ரோட்டை மறித்தது உங்கள் ஆட்களா என்று கேட்டார். ஓம் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

நான் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிற ஆள். உப்புப் போத்தலை இடம் மாற்றி வைத்தாலே போதும். அதனால் அந்த மாதங்களில் எனக்குக் கோபம் பொங்கும், அழுகை வரும், எதையாவது போட்டு உடைப்பேன் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி என்னை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்க வேண்டும் என்று பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களும் வதக்கினார்கள்.

சண்டை முடிந்துவிட்டது என்று ரிவியில் சொன்னபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தார். எழும்பி ரிவியை நிற்பாட்டிவிட்டு அரிசி களையப் போனார். நாலு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, பலசரக்குக் கடைக்கு முன்னால் வானை நிறுத்திக்கொண்டிருந்தபோது என் கைபேசி அடித்தது. லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகள்.

"அண்ணா, வான் ஓடிக்கொண்டிருக்கிறியளே?"

"இல்லை, நிக்கிறன். சொல்லு."

"சின்னண்ணா போயிட்டாராம் அண்ணா. சித்திரையிலையே. ஷெல் விழுந்ததாம். அண்ணியும் பிள்ளையும் காம்பில இருக்கினம். அவைக்கு ஒண்டுமில்லை."

அவள் அழுது, மூக்கை உறிஞ்சி, மறுபடி கதைத்தாள். "சின்னம்மாவுக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ. பிறஷர்க்கார மனுசி. தாங்கமாட்டா."

"ஓம்," என்றேன்.

போனை வைத்துவிட்டுக் கடைக்குள் போனேன். சனிக்கிழமை வங்காள வகுப்பு, கடுகெண்ணெய் வாங்க வந்திருந்தேன். வாங்கினேன். பிறகு மீன் பகுதிக்கு முன்னால் போய் நின்றேன். அங்கேதான் கொஞ்சம் தடுமாறினேன் என்று சொல்ல வேண்டும்.

செத்த வீட்டுத் தீட்டைத்தான் நாங்கள் துடக்கு என்போம். எங்கள் குடும்பத்தில் அது செய்தி கேட்ட நாளிலிருந்து முப்பத்தொரு நாள். அந்த முப்பத்தொரு நாளும் வீட்டுக்குள் மீன், இறைச்சி வராது. கோயில் படியை மிதிக்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. சாப்பாட்டைப் பார்த்தே அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும், இந்த வீட்டில் சாவு என்று. அம்மாவுக்கோ வியாழக்கிழமை என்றால் மீன். மீன் இல்லாமல் நான் வீட்டுக்குப் போனால், ஏன் என்று ஒரு கேள்வி வரும். நான் பொய் சொன்னால் அம்மா என் மூக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். கடைக்காரர் விளைமீனைத் தூக்கிக் காட்டி, "தலை வேணுமோ அண்ணை?" என்று கேட்டார். வேணும் என்றேன். தலை அம்மாவுக்கு.

அன்றைக்குப் புளி விட்டுக் குழம்பு வைத்தேன். அம்மா சாப்பிட்டார். "புளி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார். தலையை விரல்களால் பிரித்து, கன்னத்துச் சதையை எடுத்து, முள்ளை ஒரு பக்கம் ஒதுக்கி, ஒன்றும் விடாமல் சாப்பிட்டார். நான் எதிரில் இருந்து பார்த்தேன். நானும் சாப்பிட்டேன். தொண்டைக்குள் ஒன்றும் அடைக்கவில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு அளவுக்கு மிஞ்சித்தான் செய்தேன். கிழமைக்கு இரண்டு தரம் மீன் சமைக்கிறவன், ஒவ்வொரு நாளும் பொரித்தேன், வறுத்தேன், சொதி வைத்தேன். ஒரு நாள் இறால்கூட வாங்கினேன். அம்மா எல்லாவற்றையும் சாப்பிட்டார். எதையும் சந்தேகப்படவில்லை என்று ஆறுதலாக இருந்தது. சனிக்கிழமை வகுப்பில் கடுகு அரைத்துப் போடுகிற வங்காளத்து மீன். அரைக்கும்போது அந்தக் காரத்தில் எல்லோருக்கும் கண்ணிலிருந்து கொட்டியது. எனக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உங்களுக்குப் பழகிவிட்டது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்கடுத்த கிழமை ஞாயிறு வருடத்தின் முதல் டூர். எட்டுப் பேர் பதிந்திருந்தார்கள். அதை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அம்மா ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அதே கோயிலில் அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டுகிறவர். பனி கொட்டினாலும் போவார். எங்கள் கட்டடத்து வாசலில் பஸ் ஏறி, கோயிலுக்கு எதிரே இறங்கிவிடுவார். அந்தக் குசினிக்குள்ளே என் டூர்க்காரரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதும் அம்மா பிடித்துத் தந்த அனுமதிதான். கோயில் வாசலோடு நான் நின்றுகொண்டு அவர்களை மட்டும் உள்ளே அனுப்பலாம் என்றால், 'உங்கட மகன் உள்ளுக்கு வரேல்லையே' என்று ஒரு வாய் சொன்னால் போதும். அம்மா கையில் இருக்கிற கத்தியைக் கீழே வைத்துவிடுவார். ஆகவே துடக்கோடு கோயிலுக்குள் போவது என்று முடிவெடுத்தேன். நான் பெரிய பக்தன் இல்லை. ஆனால் இது பக்தி பற்றிய விஷயமும் இல்லை.

அன்று காலை எட்டு மணிக்கு அம்மா வழக்கம்போல வெளிக்கிட்டார். கத்தியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வானில கொண்டுபோய் விடட்டே?" என்றேன்.

"நீ உன்ர சனத்தைப் போய்ப் பார். எனக்கு பஸ் இருக்கு."

டூர் நன்றாகத்தான் போனது. தோசைக் கடையில் ஒருவர் தோசையை முள்ளுக்கரண்டியால் வெட்டப் போராடினார். பலசரக்குக் கடையில் முருங்கைக்காயை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார்கள், கடித்து உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும் என்றேன், நம்பவில்லை. வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தார். இது எந்தப் பிராந்தியம், அது எந்தப் பிராந்தியம் என்று ஓயாத கேள்வி. நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வாய் தன் பாட்டுக்குக் கதைத்தது. கொங்குநாட்டுக் குழம்புக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இவ்வளவு தெளிவாக அதற்கு முன்னும் பின்னும் விளக்கியதில்லை.

கோயிலில் வான் நிறுத்த இடம் இல்லாததால் ரோட்டுக்கு எதிர்ப் பக்கம், டோனட் கடை இருக்கிற பிளாசாவில் நிறுத்திவிட்டுக் கடந்து போனோம். சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன், குழாயடியில் கால் கழுவச் சொன்னேன். நானும் கழுவினேன். படியில் கால் வைக்கும்போது உள்ளங்கால் கூசியது, அது உண்மை. உள்ளே பிள்ளையாரிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவரோடு கதைக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. நேரே பின்பக்கம் குசினிக்குப் போனேன். பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஆறேழு பெண்கள் தரையில் இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் காணவில்லை.

குசினிக்குப் பொறுப்பான அன்ரி என்னைக் கண்டதும் எழும்பி வந்தார். "தம்பி, அம்மாவுக்கு இப்ப எப்பிடி?"

"ஏன் அன்ரி?"

"மூண்டு கிழமையா வரேல்லையே. முழங்கால் நோவெண்டு போனில சொன்னவ. வந்து பாக்க வேணும் எண்டுதான் நாங்களும் இருக்கிறம்."

முழங்கால் நோ எனக்குத்தான். அம்மா பதினோரு மாடியும் படியேறுவார்.

மூன்று ஞாயிறும் அம்மா காலை எட்டு மணிக்குக் கத்தியோடு வெளிக்கிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் கோயிலுக்கு வரவில்லை. ஒன்பது வருடத்தில் பனிக்கும் காய்ச்சலுக்கும் நிற்காத மனுசியை அந்தப் படியில் ஏறாமல் மறிக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது எனக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. அன்ரியிடம், "இப்ப பறவாயில்லை," என்று சொன்னேன். எட்டுப் பேரையும் வரிசையில் இருத்தி, தட்டுக் கொடுத்து, வலது கையால் சாப்பிட வேண்டும், பாயசம் கடைசியில் வரும் என்றெல்லாம் சொல்லிவிட்டு வெளியே வந்து சப்பாத்தை மாட்டினேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸால் இறங்கினால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வயதுபோன மனுசி கேட்பாரில்லாமல் இருக்கக்கூடிய இடம் அந்த டோனட் கடை ஒன்றுதான். கண்ணாடியோரத்து மேசையில் அம்மா இருந்தார். முன்னால் மூடி கழற்றாத தேத்தண்ணி. மடியில் பை. நான் போய் எதிரில் இருந்தேன்.

"டூர் முடிஞ்சுதே?" என்றார்.

"சாப்பிடுகினம்."

"நீ உள்ளுக்குப் போனனியே?"

"ஓம்."

அம்மா தேத்தண்ணிக் கோப்பையை ஒருமுறை திருப்பி வைத்தார். "பறவாயில்லை. உனக்குத் தெரியாதுதானே. தெரியாமல் போனதில குற்றமில்லை. நான்தான் உனக்குச் சொல்லியிருக்க வேணும். நாள் முழுக்க வான் ஓடுற பிள்ளை, சொன்னால் எங்கையாவது கொண்டுபோய் இடிச்சுப்போடுவாய் எண்டு பயந்துபோய் இருந்திட்டன்." பிறகு என் கையைப் பிடித்தார். "மோனை, நான் சொல்லுறதை ஆறுதலாக் கேள்."

மூன்று கிழமையாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனம் அது என்று குரலிலேயே தெரிந்தது. சொல்லவிட்டிருக்கலாம். ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டுக்கொண்டு இருந்திருந்தால், நான் தெரியாமல் கோயிலுக்குள் போன பிள்ளையாகவே அம்மாவுக்கு இருந்திருப்பேன். என்னால் முடியவில்லை.

"தெரியும் அம்மா."

கை அப்படியே இருந்தது. "எப்ப தொட்டு?"

"பத்து நாளாகுது. லண்டனிலயிருந்து போன் எடுத்துச் சொன்னவை."

"எனக்கு மருமகள் காம்பிலயிருந்து எடுத்தவள். நீ வகுப்புக்குப் போயிருந்தனி." அம்மா யோசித்தார். "அப்ப நீ தெரிஞ்சுகொண்டே மீன் சமைச்சனி."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டே உள்ளுக்குப் போனனி."

"நீங்கள் உள்ள நிப்பியள் எண்டு நினைச்சன்."

திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா வெளியே ரோட்டைப் பார்த்தார். "நானும் சாப்பிட்டன்," என்றார். "என்ர பிள்ளையின்ர துடக்குக்குள்ள, மூண்டு கிழமை. நீ ஏனெண்டு கேப்பாய் எண்டு தலையையும் சாப்பிட்டன்."

இரண்டு பேரும் அழவில்லை. அழுகிற இடம் என்று ஒன்று இருந்தால் அது அந்த இடம்தான், ஆனால் வரவில்லை. பக்கத்து மேசையில் யாரோ நாளிதழை மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். அம்மாவின் முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கோயிலுக்குள்ளிருந்து டூர்க்காரர் ஒவ்வொருவராக வெளியே வருவது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. உள்ளே போய்க் கூட்டிக்கொண்டு வரவும் இனி என்னால் முடியாது. அம்மாவும் நானும் எழும்பி வானடிக்குப் போய் நின்றோம். அவர்கள் ரோட்டைக் கடந்து வந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஒருவர் பாயசத்தை மூன்று தரம் வாங்கினாராம். வைக்கோல் தொப்பிப் பெண் அம்மாவைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"உங்கள் அம்மாவா? உங்களுக்குச் சமையல் இவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்," என்று இங்கிலீஷில் சொன்னார். கொப்பியைத் திறந்துகொண்டு, "இன்றைக்கு வீட்டில் என்ன சமைக்கப் போகிறார் என்று கேளுங்களேன்," என்றார்.

நான் அம்மாவிடம் திருப்பிச் சொன்னேன். அம்மா அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தார்.

"இண்டைக்கு எங்கட வீட்டில அடுப்பு மூட்டுறேல்லை எண்டு சொல்லு."

சாவு விழுந்த வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் எங்கள் ஊரில் அந்த வசனத்தைச் சொல்லமாட்டார்கள். தம்பி செத்துப்போனான் என்று அந்த நேரம் வரைக்கும் எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. அம்மா சொல்லிவிட்டார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன், இன்றைக்கு எங்கள் வீட்டில் சமையல் இல்லையாம் என்று.

"நல்லது," என்றார் தொப்பிப் பெண். "ஒரு நாளாவது ஓய்வெடுக்கத்தானே வேண்டும்." கொப்பியை மூடி வைத்துவிட்டு அம்மாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"ஓய்வெடுக்கட்டாம்."

"நல்ல மனுசி," என்றார் அம்மா. வானின் முன் சீற்றில் ஏறி, பையை மடியில் வைத்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பின்னால் எட்டுப் பேரும் இனிப்புப் பெட்டிகளைத் திறந்து ஆளுக்காள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சாவியைத் திருப்பினேன்.

"மெதுவா ஓடு," என்றார்.